உருக்குப் பட்டறைக்குப் போகும் முன்: உள்ளூர்க் கடைகளில் பழைய வெளிநாட்டுக் காசுகள்

வெள்ளிக் கடைகளில் ‘பழைய வெள்ளி’ என்று ஒரு டப்பா இருக்கும். அறுந்த கொலுசு, நசுங்கிய சந்தனக் கிண்ணம், குழந்தையின் அரைஞாண், மூடி தொலைந்த குங்குமச் சிமிழ் எல்லாம் அதில் கிடக்கும். அவற்றின் நடுவே அவ்வப்போது காசுகளும் கிடக்கும். கடைக்காரருக்கு அவை எடையும் டச்சும் (வெள்ளியின் தூய்மை) மட்டுமே. டப்பா நிறைந்ததும் எல்லாம் சேர்ந்து உருக்குப் பட்டறைக்குப் போய்க் கட்டி வெள்ளியாகத் திரும்பும். வெள்ளி விலை ஏறும் காலத்தில் இந்த வேலை இன்னும் வேகமாக நடக்கிறது.

நான் வங்கிக் கிளைகளில் நகை மதிப்பீட்டாளராக இருப்பவன். உரைகல்லும் அமிலமும் தராசும் என் அன்றாடக் கருவிகள். தொழில் நிமித்தம் இந்தக் கடைகளுக்கு அடிக்கடி போகிறேன். ஆசை நிமித்தம் அந்த டப்பாக்களைக் கிளறுகிறேன். நூறு ஆண்டு தாக்குப்பிடித்த ஒரு காசு, இன்னதென்று சொல்ல ஆள் இல்லாத காரணத்தால் கொலுசாகிவிடுவது எனக்குப் பொறுக்கவில்லை. அதைத் தெரிந்துகொள்பவர் வெள்ளி விலைக்கே நல்ல காசு சேர்க்கலாம், காசும் பிழைக்கும்.

எங்கள் சிவகங்கைப் பக்கத்தில் வெளிநாட்டுக் காசு கிடைப்பதில் ஆச்சரியம் இல்லை. நகரத்தார் கொண்டுவிற்கப் போன பர்மா, மலாயா, இலங்கை, சைகோன் ஆகிய ஊர்களின் பணம் பெட்டகங்களில் ஏறி இங்கே வந்தது. தோட்ட வேலைக்குப் போனவர்களின் முந்தானை முடிச்சிலும் வந்தது. பர்மாவின் மிண்டோன் மன்னர் வெளியிட்ட, மயில் தோகை விரித்து நிற்கும் வெள்ளிக் காசை நான் பழைய வெள்ளி டப்பாவில் பார்த்திருக்கிறேன். அதில் 1214 என்று பர்மிய எண்களில் இருக்கும். அது பர்மிய ஆண்டு; 638 கூட்டினால் 1852. பிரெஞ்சு இந்தோசீனாவின் பியாஸ்தர், 27 கிராம், 90 சத வெள்ளி. ஏழாம் எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ் என்று தலைகளைக் குழப்பிக்கொள்பவர்கள் பலர்; ஜலசந்திக் குடியேற்றங்களின் (சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா) 1903ஆம் ஆண்டு டாலரில் இருப்பவர் ஏழாம் எட்வர்டு. அந்த டாலர் முதலில் 26.95 கிராம். 1907இல் 20.21 கிராமாகச் சுருங்கியது. 1919இல் அளவும் குறைந்து, வெள்ளியும் பாதியாயிற்று. மூன்றும் ஒரே பெயருள்ள காசுதான், ஆனால் தராசில் வைத்தால் மூன்று விலை.

இங்கேதான் மலிவு விலையின் சூட்சுமம் இருக்கிறது. கடைக்காரர் எல்லாக் காசையும் ஒரே கணக்கில் விற்கிறார். ஒவ்வொரு நாடும் வெள்ளியை எந்த ஆண்டில் கைவிட்டது என்பது உங்களுக்குத் தெரிந்தால் போதும். பிரிட்டனின் ஷில்லிங், புளோரின், அரை கிரவுன் 1919 வரை 92.5 சதம், 1920 முதல் 1946 வரை 50 சதம், 1947இலிருந்து வெள்ளியே இல்லை. அமெரிக்காவின் பத்து சென்ட், கால் டாலர், அரை டாலர் 1964 வரை 90 சதம். 1965ஆம் ஆண்டுக் கால் டாலரை விளிம்பில் பார்த்தால் செம்புக் கோடு தெரியும், எடையும் 6.25 கிராமிலிருந்து 5.67க்கு இறங்கியிருக்கும். ஜப்பானின் நூறு யென் 1966 வரை 60 சதம். நெதர்லாந்தின் கில்டர் 1967 வரை 72 சதம். சுவிட்சர்லாந்தின் அரை, ஒன்று, இரண்டு பிராங்குகளிலும் 1967 வரை வெள்ளி உண்டு. இலங்கையின் ஐம்பது சென்ட் காசு 1942 வரை வெள்ளி, 1943இல் பித்தளை நிறம். மலாயாவின் 10, 20 சென்ட் காசுகள் 1945 வரை வெள்ளி. 1948லிருந்து நிக்கல் கலப்பு. இவற்றை ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பணப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆண்டு நமக்குத் தெரிந்த எண்ணில் இருக்க வேண்டும் என்பதில்லை. தாய்லாந்துக் காசில் உள்ள பௌத்த ஆண்டிலிருந்து 543ஐக் கழிக்க வேண்டும். ஜப்பானின் ஷோவா ஆண்டுடன் 1925ஐக் கூட்ட வேண்டும்; ஷோவா 39 என்றால் 1964, டோக்கியோ ஒலிம்பிக் ஆண்டு. ஹிஜ்ரி ஆண்டை 0.97ஆல் பெருக்கி 622 கூட்டினால் ஏறக்குறைய சரியாக வரும். வளைகுடாவிலிருந்து திரும்பியவர்கள் கொண்டுவந்த காசுகளில் 1354 என்று அரபு எண்களில் உள்ள சவூதி ரியாலைக் கண்டால் விடாதீர்கள். அது 1935ஆம் ஆண்டுக் காசு, 11.6 கிராம், நல்ல வெள்ளி.

வெள்ளிக் கடை ஒரு இடம். அடகுக்கடையில் மூழ்கிப்போன பொருள்களோடு வரும் காசுகள் இன்னோர் இடம். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் விலை தெரிந்தே சொல்வார்கள். மரச்சாமானும் எனாமல் பாத்திரமும்தான் அவர்கள் நிபுணத்துவம், காசுகள் ஓரத்துக் கிண்ணத்தில் கிடக்கும். பொறுமை உள்ளவருக்கு அந்தக் கிண்ணம் நல்லது. அந்நியச் செலாவணி மாற்றும் கடைகள் பொதுவாகக் காசுகளை வாங்குவதில்லை. அதனால் சிங்கப்பூர், மலேசியா, துபாய்ச் சில்லறை எல்லாம் கடைசியில் இப்படிப்பட்ட கிண்ணங்களில் வந்து சேரும். பெரும்பாலும் நிக்கல்தான். குழந்தைகளுக்கு நாடுகளைச் சொல்லிக்கொடுக்க அதைவிட மலிவான வழி கிடையாது.

இப்போது எச்சரிக்கைக்கு வருகிறேன். பெரிய வெள்ளி டாலர்களில் போலி மிக அதிகம். குறிப்பாகப் பிரிட்டானியா திரிசூலத்துடன் நிற்கும் பிரிட்டிஷ் வணிக டாலரும், சீனாவின் யுவான் ஷிகாய் தலை பொறித்த டாலரும். வணிக டாலர் 1895 முதல் 1935 வரை வந்தது. பெரும்பகுதி அடிக்கப்பட்டது பம்பாய் நாணயச் சாலையில். எடை 26.95 கிராம், 90 சத வெள்ளி. அதே அளவில் செம்பு நிக்கலில் செய்தால் எடை 23 கிராமை ஒட்டித்தான் நிற்கும். எடை பொருந்தினாலும் நான் அதோடு விடுவதில்லை. டிஜிட்டல் தராசில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து எண்ணைப் பூஜ்யமாக்குவேன். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியைத் தொடாமல் தண்ணீரில் முழுக்க இறக்குவேன். நல்ல வணிக டாலர் என்றால் தராசு 2.6 காட்டும். எடையை இதால் வகுத்தால் 10.3 வர வேண்டும். 9க்கு அருகில் வந்தால் வாங்காதீர்கள், கடைக்காரர் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும்.

சோதிக்கிறேன் என்று அரத்தால் விளிம்பைக் கீறி அமிலம் விடுவது எங்கள் தொழிலில் வழக்கம். நகைக்குச் சரி. காசுக்கு அது கொலை. அந்த ஒரு கீறலோடு சேகரிப்பாளர் தரும் விலை போய்விடும். இப்போது பல கடைகளில் எக்ஸ்ரே முறையில் தூய்மை காட்டும் இயந்திரம் இருக்கிறது. அதில் வைக்கச் சொல்லுங்கள். அது மேற்பரப்பை மட்டுமே படிக்கும் என்பதால் கனமான வெள்ளி முலாம் அதை ஏமாற்றலாம். ஆகவே தண்ணீர்ச் சோதனையையும் சேர்த்துச் செய்ய வேண்டும்.

1780 என்று பொறித்த மரியா தெரேசா தாலர் தனிக் கதை. அந்த ஆண்டில்தான் ஆஸ்திரிய அரசி மரியா தெரேசா இறந்தார். ஆனால் அரபு நாடுகளிலும் எத்தியோப்பியாவிலும் வணிகர்கள் அந்தக் காசையே கேட்டதால் அதே ஆண்டெண்ணோடு தொடர்ந்து அடித்தார்கள். 1940, 1941 ஆண்டுகளில் பம்பாயில்கூட அடித்திருக்கிறார்கள். நல்ல வெள்ளிதான், 28 கிராமுக்குச் சற்று மேல். ஆனால் இருநூற்று நாற்பது ஆண்டுப் பழைய காசு என்று யாராவது விலை ஏற்றினால் நம்ப வேண்டாம். வெள்ளி விலைக்கு அருகில் கிடைத்தால் மட்டும் வாங்குங்கள்.

அடுத்தது, என் மேசைக்கு வந்து கண்கலங்கித் திரும்பும் மனிதர்களைப் பற்றியது. ராமர் பட்டாபிஷேகமோ அனுமனோ பொறித்து, 1818 என்றும் கிழக்கிந்தியக் கம்பெனி என்றும் எழுதிய செம்புக் காசு. கம்பெனி அப்படி ஒரு காசை வெளியிட்டதே இல்லை. சென்னை மாகாணத்துக்கென்று கம்பெனி அடித்த பத்துக் காசு, இருபது காசுகளில் கம்பெனியின் சின்னம் இருக்கும், சாமி படம் இருக்காது. இதே 1818 காசைத்தான் ‘அரிசியை இழுக்கும் காசு’, ‘இரிடியம் ஏறிய காசு’ என்று சொல்லிக் கோடிக்கணக்கில் விலை பேசுகிறார்கள். முதலில் சோதனைக் கட்டணம், பிறகு ரசாயனக் கட்டணம், பிறகு வெளிநாட்டு வாங்குபவரின் பயணச் செலவு. வீட்டை அடகு வைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். எந்தச் செம்புக் காசும் அரிசியை இழுக்காது.

இணையத்தில் இதன் இன்னொரு முகம், பழைய ஐந்து ரூபாய் நோட்டுக்கும் காசுக்கும் லட்சங்கள் தருவதாக வரும் விளம்பரம். ரிசர்வ் வங்கியின் பெயரையும் முத்திரையையும் காட்டி, வரி, கமிஷன் என்று முன்பணம் கேட்பார்கள். இப்படிப்பட்ட வணிகத்தில் தனக்குத் தொடர்பே இல்லை, எந்தக் கட்டணமும் கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் வெளிப்படையாக எச்சரித்தது. விற்பவரிடம் முன்பணம் கேட்கும் வாங்குபவர் உலகில் இல்லை. அதை வீட்டில் உள்ள பெரியவர்களிடம் தயவுசெய்து சொல்லிவையுங்கள்.

வாங்கிய காசைத் துலக்காதீர்கள். விபூதி, புளி, எலுமிச்சை, பற்பசை எதுவும் வேண்டாம். கறுத்திருக்கும் வெள்ளிக் காசுக்குத்தான் சேகரிப்பாளர் அதிகம் தருவார். பளபளக்கும் பழைய காசைச் சந்தேகத்தோடு பார்ப்பார். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சுத்தமான அசிட்டோனில் சிறிது நேரம் ஊறவைத்து, துடைக்காமல் உலரவிடலாம். ஜன்னல் திறந்திருக்கட்டும், அடுப்பு அருகில் இருக்க வேண்டாம். மலிவான பி.வி.சி. ஆல்பங்களில் நம் ஊர் வெக்கையில் காசின் மேல் பச்சைப் பிசின் படியும்; மைலார் (பாலியஸ்டர்) உறைகளைக் கேட்டு வாங்குங்கள். காது வைத்துத் தாலிக்கொடியிலோ காசுமாலையிலோ கோத்த காசு என்றால், காதை வெட்டி எடுத்தாலும் பற்றவைத்த தழும்பு போகாது. அதற்கு உலோக விலைக்கு மேல் தர வேண்டியதில்லை. சவரன் எனும் பிரிட்டிஷ் தங்கக் காசிலும் அப்படியே. 1918ஆம் ஆண்டுச் சவரனில் குதிரையின் காலடித் தரையில் ‘ஐ’ என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது பம்பாயில் அந்த ஒரே ஆண்டு அடிக்கப்பட்டது. அதை உருக்கக் கொடுக்கும் முன் ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள்.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த நாணயமும் தொல்பொருளே. தனியார் அதை வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்ல முடியாது. அதை வாங்கி விற்பதைத் தொழிலாகச் செய்ய உரிமம் வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்குத் தாத்தாவின் காசை அன்பளிப்பாகப் பெட்டியில் வைத்து அனுப்புபவர்கள் இதை யோசிப்பதில்லை. மண்ணில் தோண்டும்போது கிடைத்தது என்று யாராவது கொண்டுவந்தால் தொடவே வேண்டாம். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி அது மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்கப்பட வேண்டியது.

கடைக்காரரிடம் பேரம் பேசி மலிவாக வாங்குவதில் எனக்குக் கூச்சம் இல்லை. வாங்கி விற்பது அவர் தொழில். பார்த்து விலை சொல்லும் பொறுப்பு அவருடையது. வீட்டிலிருந்து ஒரு ஆச்சியோ அப்பத்தாவோ முடிச்சை அவிழ்த்துக் காட்டி, “இது எவ்வளவு போகும், தம்பி?” என்று கேட்டால் அங்கே பேரம் கிடையாது. இன்ன காசு, இவ்வளவு வெள்ளி, சேகரிப்பாளரிடம் இதற்கு மேலும் கிடைக்கும் என்று முழுவதையும் சொல்லிவிட வேண்டும். அதன் பிறகும் அவர் உங்களிடமே விற்க விரும்பினால், அந்த விலையைக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம்.