பார்வைத்திறன் குறைந்த மாணவர் புதிய பள்ளியில் சேரும்போது: கேட்டுப் பெற வேண்டியவையும் ஏமாறும் இடங்களும்

எட்டாம் வகுப்போ பத்தாம் வகுப்போ முடித்து வேறு பள்ளிக்கு மாறும் பார்வைத்திறன் குறைந்த மாணவருக்கு, "சிறப்புப் பள்ளியில் சேர்த்தால் பிள்ளைக்கு நல்லது" என்ற அறிவுரைதான் பெரும்பாலும் முதல் வரவேற்பாக அமைகிறது. கனிவாகச் சொல்லப்பட்டாலும் அது சேர்க்கை மறுப்பே. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, அரசு நிதி பெறும் பள்ளியும் அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளியும் பாகுபாடின்றிச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று 16ஆம் பிரிவில் சொல்கிறது. குறைபாடு 40 விழுக்காடும் அதற்கு மேலும் உள்ள 6 முதல் 18 வயது வரையிலான பிள்ளைக்கு, அருகமைப் பள்ளியா சிறப்புப் பள்ளியா என்பதைத் தேர்ந்துகொண்டு இலவசமாகப் படிக்கும் உரிமையை 31ஆம் பிரிவு தருகிறது. தேர்வு குடும்பத்தினுடையது, தலைமையாசிரியருடையது அன்று. மறுப்பை எழுத்தில் தருமாறு பணிவாகக் கேளுங்கள். சட்டத்துக்கு முரணானதைக் கையெழுத்திட்டுத் தர எவரும் எளிதில் முன்வருவதில்லை.

அடுத்த சிக்கல் மாற்றுத்திறனாளி சான்றிதழில் இருக்கிறது. ஒரு கண் முழுவதும் பார்வை இழந்து, மறு கண் நன்றாக இருந்தால் மருத்துவக் குழு 30 விழுக்காடுதான் தரும். ஆகவே உதவித்தொகை போன்ற பல பயன்கள் கைநழுவும். ஆனால் "40 இல்லாததால் எதுவும் கிடையாது" என்று அலுவலகத்தில் சொல்லப்படுவது தவறு. தேர்வில் எழுத உதவியாளர் போன்ற நியாயமான வசதிகளை 40 விழுக்காட்டுக்குள் அடைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் தீர்ப்பளித்துள்ளது. சான்றிதழ் தற்காலிகமானதா என்பதையும் இன்றே பாருங்கள். அதில் குறித்த தேதி பொதுத்தேர்வு ஆண்டின் நடுவில் முடிந்தால், புதுப்பிக்க மருத்துவமனை வரிசையில் நிற்பதும் தேர்வுச் சலுகைக்கு விண்ணப்பிப்பதும் ஒரே மாதத்தில் வந்து மோதும். மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை, ஆதார், பள்ளி மாற்றுச் சான்றிதழ் மூன்றிலும் பெயரின் எழுத்துகள் ஒன்றாக இருக்கட்டும். ஓர் எழுத்து பிசகினாலும் உதவித்தொகை விண்ணப்பம் மாதக்கணக்கில் கிடக்கும்.

தமிழ்நாட்டில் பள்ளி மாறியதும் எமிஸ் எனப்படும், பள்ளிக் கல்வித் துறையின் இணையவழி மாணவர் பதிவில் மாணவர் மாற்றுத்திறனாளி என்று குறிக்கப்பட்டுள்ளதா என்று கேளுங்கள். பழைய பள்ளி அந்தக் கட்டத்தை நிரப்பாமலே விட்டிருக்கலாம். புதிய பள்ளியும் சரிபார்ப்பதில்லை. கணக்கில் வராத பிள்ளையைத் தேடிச் சிறப்புப் பயிற்றுநர் வரமாட்டார். கருவிகளுக்கும் புத்தகங்களுக்கும் பள்ளி வட்டார வள மையத்தைக் காட்டும். அங்கே மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தைக் காட்டுவார்கள். அந்த அலுவலகம் பள்ளியிலேயே கேட்கச் சொல்லும். குறைபாடு 40 விழுக்காடும் அதற்கு மேலும் உள்ள மாணவருக்கு 18 வயது வரை புத்தகமும் கற்றல் பொருளும் உதவிக் கருவியும் இலவசமாகத் தரச் சொல்வது அதே சட்டத்தின் 17ஆம் பிரிவு. ஆகவே வாய்மொழியாகக் கேட்டு அலையாமல், தேவைகளை ஒரே மனுவில் எழுதி, நகல் ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் பெற்றுக்கொள்ளுங்கள். முத்திரை தர மறுத்தால் ஒப்புகை அட்டையுடன் பதிவஞ்சலில் அனுப்புங்கள். பாடநூலை ஒலியாகவோ பிரெய்லாகவோ பெரிய எழுத்தாகவோ மாற்றப் பதிப்புரிமை தடையாகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டமே அதற்கு விலக்களிக்கிறது.

மனுவில் பெரும்பாலோர் எழுத மறப்பது விளையாட்டைத்தான். உடற்கல்விப் பாடவேளையில் "நீ வகுப்பிலேயே இரு, பைகளைப் பார்த்துக்கொள்" என்று உட்காரவைக்கப்படும் பிள்ளைக்கு, நண்பர்கள் உண்டாகும் வாய்ப்பே அன்றாடம் பறிபோகிறது. புதிய பள்ளியில் பதின்வயதினர் ஒருவரையொருவர் அறிவது பெரும்பாலும் பாடத்துக்கு வெளியேதான் என்பதால், மதிப்பெண் இழப்பைவிட இதைப் பெரிதாகவே கருதுகிறேன். விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் மற்றவருக்கு இணையான வாய்ப்பு தர வேண்டும் என்று 16ஆம் பிரிவு வெளிப்படையாகச் சொல்கிறது. இது ஆசிரியரின் பெருந்தன்மையைப் பொறுத்ததன்று. ஒலியெழுப்பும் பந்தும், காய்களைச் செருகி ஆடும் சதுரங்கப் பலகையும் பள்ளி வாங்கக்கூடியவையே. சுற்றுலாவுக்குப் பெற்றோர் உடன் வந்தால்தான் அழைத்துச் செல்வோம் என்ற நிபந்தனையை இந்த மாணவருக்கு மட்டும் விதித்தால், அதுவும் பாகுபாடே. பதினொன்றாம் வகுப்பில் "செய்முறைத் தேர்வு இருப்பதால் அறிவியல் பிரிவு வேண்டாம்" என்று விருப்பத்துக்கு மாறாகத் திருப்பி விடுவதையும் எழுத்தில் எதிர்க்கலாம்.

தேர்வுச் சலுகைகளைப் பொதுத்தேர்வு வரை தள்ளிப்போடுவது பள்ளிகளின் வழக்கம். சொல்வதை எழுதுபவரோடு இணைந்து விடையளிப்பது பழகிப் பெற வேண்டிய திறமை. அதை முதன்முதலாகப் பொதுத்தேர்வு அறையில் பழகச் சொல்வது கொடுமை. கூடுதல் நேரத்தையும் எழுதுபவரையும் காலாண்டுத் தேர்விலிருந்தே கேளுங்கள். ஒன்றிய அரசின் வழிகாட்டுதல் ஒரு மணி நேரத் தேர்வுக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதலாகத் தரச் சொல்கிறது. மூன்று மணி நேரத் தேர்வுக்கு அது ஒரு மணி நேரமாகும். பொதுத்தேர்வுக்கான விண்ணப்பம் தலைமையாசிரியர் வழியாகத்தான் செல்ல வேண்டும் என்பதால், "அனுப்பிவிட்டோம்" என்ற சொல்லோடு திரும்பிவிடாமல், அனுப்பிய கடிதத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

இத்தனைக்கும் பிறகு பள்ளி அசையாவிட்டால், மாவட்டக் கல்வி அலுவலகத்தில் இதற்கென ஒரு பொறுப்பு அலுவலர் இருக்க வேண்டும் என்பது விதி. அவர் யார் என்றே அங்குள்ளவர்களுக்குத் தெரியாமல் போகலாம்; அப்போதும் பதவிப் பெயரைக் குறிப்பிட்டு மனுவைக் கொடுத்துவிடுங்கள். அதன்பின் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம், முத்திரையிட்ட நகல்களை இணைத்துப் புகார் அளியுங்கள். சாட்சிகளை அழைப்பதிலும் ஆவணங்களைக் கேட்பதிலும் அவருக்கு உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரம் உண்டு. அவர் பரிந்துரைத்தால், எடுத்த நடவடிக்கையைச் சம்பந்தப்பட்ட அலுவலகம் மூன்று மாதத்துக்குள் அவருக்குத் தெரிவிக்க வேண்டும். புகாரில் பள்ளியின் மனப்பான்மையைப் பற்றி எழுதிப் பக்கங்களை நிரப்பாமல், எந்தத் தேதியில் எதைக் கேட்டீர்கள், எது தரப்படவில்லை, எந்தப் பிரிவின்படி அது தரப்பட வேண்டும் என்பவற்றை மட்டும் வரிசையாக எழுதுங்கள்.