டைட்டிலில் ஒரு வரியும் வைடாங்கி நாளும்

ஆக்லாந்தில் வீடு வாங்குபவர்களுக்குப் பத்திர வேலை பார்க்கும் வழக்கறிஞர் நான். சில டைட்டில்களில், அதாவது நில உரிமைப் பதிவுகளில், ‘அரசு நிறுவனச் சட்டம் 1986, பிரிவு 27பி-க்கு உட்பட்டது’ என்று ஒரு வரி இருக்கும். ஊரில் வில்லங்கச் சான்றிதழைத் துருவித் துருவிப் படித்துப் பழகிய நம்மவர்களுக்கு அதைப் பார்த்ததும் முகம் மாறிவிடும். “இது என்ன வில்லங்கம்?” என்பார்கள். பதிலை நான் பிப்ரவரி 6-லிருந்துதான் தொடங்குவேன்.

அன்று வரும் வைடாங்கி நாளை நியூசிலாந்தின் சுதந்திர தினம் என்றே பலர் நினைக்கிறார்கள். அது உடன்படிக்கை நாள். 1840-இல் அதே தேதியில், வைடாங்கியில் பிரிட்டிஷ் அரசின் சார்பில் வில்லியம் ஹாப்சனும் இந்நாட்டின் பூர்வகுடிகளான மாவோரிகளின் தலைவர்கள் நாற்பதுக்கும் மேற்பட்டோரும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். பிறகு பிரதிகள் ஊர் ஊராகப் போயின. 500-க்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்டார்கள், பெரும்பாலோர் மாவோரிப் பிரதியில். அதன்படி அவர்கள் கொடுத்தது ஆளும் பொறுப்பு மட்டுமே. நிலத்தின் மீதான அதிகாரம் அவர்களிடமே இருந்தது. ஆங்கிலப் பிரதியோ முழு இறையாண்மையும் கைமாறியதாகச் சொல்கிறது. தலைவர்களுக்கு இது புரிந்ததா என்று அன்றே ஹாப்சனிடம் கேட்டவர் அச்சாளர் கொலென்சோ. மாவோரிகளிடம் தமிழ் எழுத்து பொறித்த வெண்கல மணியைக் கண்டெடுத்தாரே, அதே கொலென்சோதான்.

நில வழக்கறிஞனாக என் கண் போவது இரண்டாம் ஷரத்துக்கு. நிலத்தை விற்பதானால் அரசுக்கே விற்க வேண்டும். வாங்க ஒரே ஆள் என்றால் விலை யார் கையில்? 1848-இல் கேன்டர்பரி சமவெளி உள்ளிட்ட பெரும்பரப்பை ங்காய் தாஹு மக்களிடமிருந்து அரசு 2,000 பவுனுக்கு வாங்கியது. 1860-களின் போர்களுக்குப் பிறகு வேறு பல பகுதிகள் பறிமுதலாயின. 1877-இல் ஒரு நீதிபதி உடன்படிக்கையே செல்லாது என்றார். மூலத்தாள்கள் வெலிங்டன் அரசுக் கட்டடத்தில் எலி கடித்துக் கிடந்து, 1908-இல்தான் கண்டெடுக்கப்பட்டன. அரசு அதை மதித்த லட்சணம் அவ்வளவுதான்.

1974-இல் வைடாங்கி நாள் பொது விடுமுறையானது. 1975-இல் உடன்படிக்கை மீறல் புகார்களை விசாரிக்க வைடாங்கி தீர்ப்பாயம் வந்தது. 1840 வரை பின்னோக்கிப் போய் விசாரிக்கும் அதிகாரம் அதற்கு 1985-இல் கிடைத்தது. அடுத்த ஆண்டே, அரசு தன் நிலங்களை அரசு நிறுவனங்களுக்கு மாற்ற வழிசெய்யும் சட்டம் வந்தது. நிலம் கைமாறிவிட்டால் எப்படி மீட்பது என்று மாவோரி கவுன்சில் வழக்குத் தொடுத்து 1987-இல் வென்றது. அந்த வெற்றியின் விளைவாக அதே 1986 சட்டத்தில் பின்னர் சேர்ந்ததே 27பி.

அந்த வரி உள்ள நிலத்தை மாவோரிகளுக்குத் திருப்பித் தரச் சொல்லித் தீர்ப்பாயம் பரிந்துரைத்தால், அந்தப் பரிந்துரை உறுதியானால், நிலம் இன்று தனியார் கையில் இருந்தாலும் அரசு அதை எடுத்துத் திருப்பித் தர வேண்டும். பொதுப்பணிச் சட்டம் 1981-இன்படி உங்களுக்கு இழப்பீடு உண்டு. இப்படிக் குறிப்பு ஏதுமில்லாத தனியார் நிலத்தைத் திருப்பித் தரச் சொல்லும் அதிகாரம் 1993-இலிருந்து தீர்ப்பாயத்துக்கு இல்லை. “நம் வீட்டையும் கேட்பார்களாமே” என்ற வாட்ஸ்அப் பேச்சை நம்ப வேண்டாம். வாங்கப்போகும் வீட்டின் டைட்டிலை மட்டும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பே எடுத்துப் பாருங்கள். கையெழுத்திட்ட பிறகு கொண்டுவந்தால், பெரும்பாலும் என்னால் விளக்கம்தான் சொல்ல முடியும்.