பூச்சிப் பல்லும் ஆறாவது டீயும்

பல் வலி என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு போனால் பாட்டி ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிடுவார்: "பூச்சி அரிச்சிருக்கு." கண்டங்கத்திரி விதையைத் தணலில் போட்டுப் புகை பிடித்தால் பூச்சி உதிரும் என்பது அந்தக் கால வைத்தியம். உதிர்ந்த பூச்சியை நான் பார்த்ததில்லை. ஆனால் பாட்டி முழுக்கத் தப்பும் இல்லை. குற்றவாளி உண்டு, கண்ணுக்குத் தெரியாத அளவில். அது பல்லைக் கடித்துத் தின்பதில்லை, அமிலத்தால் கரைக்கிறது.

காலையில் பல் துலக்கும் முன் நகத்தால் பல்லைச் சுரண்டிப் பாருங்கள். வெள்ளையாக, வழவழவென்று ஏதோ வரும். அது வெறும் சோற்றுப் பிசுக்கு இல்லை, பாக்டீரியாக்களின் குடியிருப்பு. அதில் பேர்போனது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ். 1924இல் கிளார்க் என்ற ஆய்வாளர் சொத்தைப் பல்லிலிருந்து பிரித்தெடுத்துப் பெயர் வைத்தது. சர்க்கரை கிடைத்தால் இது இரண்டு வேலை செய்யும். ஒன்று, அதைப் புளிக்கவைத்து லாக்டிக் அமிலம் ஆக்கும். மற்றது, அதே சர்க்கரையிலிருந்து ஒரு பசையைத் தயாரித்துப் பல்லில் தன்னை இன்னும் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும்.

பல்லின் மேலுறையான எனாமல் நம் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள். எடையில் சுமார் 96 சதவீதம் கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த தாதுதான். இத்தனை கெட்டிக்கும் அமிலம் என்றால் பலவீனம். பல்லை ஒட்டிய படலத்தின் பிஹெச் அளவு (அமிலம் கூடக் கூடக் குறையும் எண்) ஏறக்குறைய 5.5க்குக் கீழே இறங்கினால் தாது கரையத் தொடங்கிவிடும். எலும்பு முறிந்தால் கூடும். எனாமலை உண்டாக்கிய செல்கள் பல் முளைக்கும்போதே மறைந்துவிடுவதால், அதில் குழி விழுந்தால் விழுந்ததுதான்.

குழி விழும் முன் அவகாசம் உண்டு என்பதுதான் நமக்குக் கிடைத்த சலுகை. 1940களில் ராபர்ட் ஸ்டீபன் என்ற அமெரிக்க ஆய்வாளர், சர்க்கரைக் கரைசலால் வாய் கொப்பளித்தவர்களின் பல் படலத்தில் பிஹெச் அளவை நிமிடக்கணக்கில் பார்த்தார். ஐந்து நிமிடத்துக்குள் சரசரவென்று இறங்கியது. மறுபடி பழைய நிலைக்கு ஏற அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை பிடித்தது. ஏற்றிவிடுவது எச்சில். அது அமிலத்தை முறித்து, தன்னிடமுள்ள கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் கரைந்த இடத்தில் திரும்பப் படியவைக்கும். பேஸ்ட்டில் இருக்கும் ஃப்ளோரைடு இந்தப் பூச்சு வேலைக்குத்தான் கைகொடுக்கிறது.

இப்போது என் பக்கத்து மேசை நண்பரைப் பார்ப்போம். ஒரு நாளைக்கு ஆறு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. ஒரே மடக்கில் குடித்தாலாவது பரவாயில்லை. கணினியைப் பார்த்தபடி ஒரு வாய், பத்து நிமிடம் கழித்து இன்னொரு வாய். எச்சில் பிஹெச்சை மேலே தூக்கும்போதெல்லாம் அடுத்த மிடறு அதைத் தலையில் தட்டி உட்காரவைக்கிறது. டீ ஒன்றுக்கு ஒரு மணி நேரம் என்றால் அவர் பல் தினமும் ஆறு மணி நேரம் அமிலத்தில் ஊறுகிறது. அதே பன்னிரண்டு ஸ்பூனையும் சாப்பாட்டோடு பாயசமாகக் குடித்தால் சர்க்கரை நோய் மருத்துவர் திட்டுவார். பல்லுக்கு மட்டும் சேதம் குறைவு.

இது என் ஊகம் அல்ல. ஸ்வீடனில் லுண்ட் நகரத்தையொட்டிய விப்பெஹோல்ம் காப்பகத்தில் 1940களின் பிற்பகுதியில் நடந்த சோதனை காட்டியது இதைத்தான். சாப்பாட்டோடு நிறையச் சர்க்கரை கொடுக்கப்பட்டவர்களுக்குச் சொத்தை அவ்வளவாகக் கூடவில்லை. இடைவேளைகளில் ஒட்டும் டாஃபி கொடுக்கப்பட்டவர்களின் பற்களோ பாழாயின. காப்பகத்தில் இருந்தவர்கள் மனவளர்ச்சி குன்றியவர்கள். அவர்கள் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. இன்று பல் மருத்துவப் பாடத்தில் வரும் அந்த முடிவு, அவர்கள் பல்லை விலையாகக் கொடுத்து வாங்கியது. இதைச் சொல்லாமல் அதை மட்டும் மேற்கோள் காட்டுவது எனக்குக் கூசுகிறது.

"நான் வெள்ளைச் சர்க்கரையே தொடுவதில்லை, கருப்பட்டிதான்" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, தேன், பேரீச்சம்பழம் எல்லாமே பாக்டீரியாவுக்கு விருந்துதான். அது பாரம்பரியம் பார்ப்பதில்லை. இனிக்காத பண்டத்தையும் நம்ப முடியாது. சிப்ஸ், பிஸ்கட் போன்றவற்றின் மாவு பல் இடுக்கில் அப்பிக்கொள்ளும். எச்சிலிலுள்ள அமிலேஸ் என்ற நொதி அதை அங்கேயே சர்க்கரையாக உடைக்கும். வாயில் கரைந்து ஓடிவிடும் மிட்டாயைவிட இவை கூடுதல் நேரம் தங்குவதுண்டு. எலுமிச்சைச் சாறு, கோலா போன்றவற்றுக்குப் பாக்டீரியா துணையே வேண்டாம். அவையே அமிலம், நேராக எனாமலைத் தொடும். குடித்த கையோடு பிரஷ்ஷை எடுக்காமல் தண்ணீரால் கொப்பளித்துவிட்டுச் சற்றுப் பொறுப்பது நல்லது, எனாமல் அப்போது இளகியிருக்கும்.

மிக மோசமான நேரம் இரவு. தூங்கும்போது எச்சில் சுரப்பது ஏறக்குறைய நின்றுவிடும். சர்க்கரை போட்ட பால் புட்டியை வாயில் வைத்தபடியே தூங்கும் குழந்தைகளின் மேல் முன்பற்கள் முதலில் பழுப்பாகிக் கரைவது இதனால்தான். கீழ் முன்பற்களை நாக்கு மறைத்துக்கொள்வதால் அவை பெரும்பாலும் தப்பிவிடும்.

பக்கத்து மேசை நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். டீயைக் குறைக்கவில்லை. இரண்டை மட்டும் சர்க்கரையோடு, அதுவும் காலை டிபனுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் கூடவே குடிக்கிறார். மற்ற நான்கும் சர்க்கரை இல்லாமல். முதல் வாரம் முகத்தைச் சுளித்தார். கடைவாயில் இருந்த சொத்தைக்குச் சிமென்ட் வைத்தாயிற்று, அங்கே போன எனாமல் இனித் தானாக வளரப்போவதில்லை.