ஓநாயைச் சுடும் முன் ஒரு போன் போடுங்கள்

“அண்ணே, நேத்து ராத்திரி ரெண்டு ஆட்டை ஓநாய் அடிச்சுப் போட்டிருச்சு. துப்பாக்கி வாங்கிடலாமா?”

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், வடக்கே பத்து ஏக்கர் வாங்கி ஆடு வளர்க்கும் நண்பர் காலை ஆறு மணிக்குக் கேட்டது இது. இந்தப் பக்கம் கால்நடை மருத்துவம் பார்க்கும் எனக்குப் பழகிப்போன கேள்வி. செத்த ஆட்டை நகர்த்தாமல் தார்ப்பாய் போட்டு மூடுங்கள், மத்திய வேளாண் துறையின் வனவிலங்குப் பிரிவுக்கு உடனே போன் போடுங்கள் என்றேன்.

மதியம் அவர்களுடைய ஆய்வாளர் வந்தார். நானும் போயிருந்தேன். கத்தியால் தோலை உரித்தார். முதல் ஆட்டின் பின்னந்தொடையில், தோலுக்கு அடியில் கருஞ்சிவப்பாக ரத்தம் கட்டியிருந்தது. உயிரோடு இருக்கும்போது கடித்தால்தான் அப்படிக் கட்டும். கடிபட்ட இடத்தையும் கோரைப்பல் ஓட்டைகளின் இடைவெளியையும் பார்த்து ஓநாய்தான் என்றார். இரண்டாவது ஆட்டில் ரத்தக்கட்டே இல்லை. அது செத்த பிறகு ஏதோ தின்றிருக்கிறது. இரண்டு நாளாகக் கழிச்சல் இருந்தது என்பதை நண்பர் அப்போதுதான் சொன்னார்! ஓநாய் அடித்தது என்று உறுதியான ஆட்டுக்கு மாநிலம் இழப்பீடு தரும். மற்றதற்குக் கிடையாது.

சரி, துப்பாக்கி? 2022 பிப்ரவரியில் வந்த நீதிமன்றத் தீர்ப்பால் விஸ்கான்சின் ஓநாய்கள் மறுபடி மத்திய அரசின் அழியும் உயிரினப் பட்டியலில் இருக்கின்றன. மனித உயிருக்கு ஆபத்து என்றாலொழிய சுடக்கூடாது. தெரிந்தே கொன்றால் 50,000 டாலர் வரை அபராதம், ஓராண்டு வரை சிறை. இங்கே கொயோட்டியை (ஓநாய் மாதிரியே இருக்கும் சின்ன காட்டு நாய்) ஆண்டு முழுக்கச் சுடலாம் என்பதால், அது என்று நினைத்து ஓநாயைச் சுட்டுவிடும் ஆபத்து இன்னும் கூடுதல். கொயோட்டி 10 முதல் 20 கிலோ, பெரிய காது, கூரான மூஞ்சி. ஓநாய் பெரும்பாலும் 25 கிலோவுக்கு மேல். அந்தி வெளிச்சத்தில் இந்த வித்தியாசம் தெரியும் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

மேற்கே, மத்தியப் பட்டியலில் ஓநாய் இல்லாத மாநிலங்களில் கதையே வேறு. ஐடஹோவில் 2021இல் வந்த சட்டப்படி ஒருவர் எத்தனை ஓநாய் கொல்லலாம் என்பதற்கு வரம்பே இல்லை. வயோமிங்கில் சுமார் 85 சதவீத நிலப்பரப்பில் உரிமம்கூட இல்லாமல் எப்போதும் கொல்லலாம். 2024இல் அங்கே ஒருவர் பனிவண்டியால் ஓநாயை இடித்து, வாயை டேப்பால் கட்டி, மதுக்கடைக்குக் கொண்டு வந்தார். முதலில் விதிக்கப்பட்டது 250 டாலர் அபராதம், அதுவும் உயிருள்ள காட்டு விலங்கை வைத்திருந்ததற்காக.

விஸ்கான்சினும் சும்மா இல்லை. பட்டியலிலிருந்து ஓநாய் நீங்கினால் வேட்டைக்காலம் வைத்தே ஆக வேண்டும் என்று 2012இல் சட்டம் போட்டார்கள். 2021 ஜனவரியில் ஓநாய் பட்டியலிலிருந்து நீங்க, பிப்ரவரியில் வேட்டை நடந்தது. மொத்த ஒதுக்கீடு 200. அதில் 81 ஒஜிப்வே பழங்குடியினருக்கு. ஓநாயைச் சகோதரனாக நினைக்கும் அவர்கள் வேட்டையாடவில்லை. மற்றவர்களுக்கு 119. ஆனால் மூன்று நாள் முடியும் முன்பே 218 ஓநாய்கள் செத்திருந்தன. கொன்றதைத் தெரிவிக்க 24 மணி நேரம், வேட்டையை நிறுத்தும் முன் அறிவிப்புக்கு இன்னொரு 24 மணி நேரம் என்று சட்டத்திலேயே இருந்தது. புதுப்பனியில் தடம் பளிச்சென்று தெரிய, வேட்டை நாய்களும் கூட வர, கணக்கு அலுவலகத்துக்கு வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. போதாக்குறைக்கு அது இனப்பெருக்கக் காலம். ஓநாய் எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைப்பதில் எனக்கு மறுப்பில்லை. இப்படி ஒரு கடிகாரத்தை வைத்துக்கொண்டு வேட்டையைத் திறப்பதில்தான் மறுப்பு.

நண்பர் துப்பாக்கி வாங்கவில்லை. கயிற்றில் சிவப்புத் துணிகளை வரிசையாகத் தொங்கவிட்டு வேலியைச் சுற்றிக் கட்டச் சொன்னேன். பழகாத அசைவைக் கண்டு ஓநாய் சில வாரங்களுக்கு ஒதுங்கிப் போகும்; ஆடுகள் குட்டி போடும் சமயத்துக்கு அது போதும். கட்டி முடித்ததும் பக்கத்துப் பண்ணைக்காரர் வந்து, “என்ன, உங்கள் ஊர்த் திருவிழாவா?” என்று கேட்டாராம்.