மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லையா? நீங்களே அரசுக்குத் தெரிவிக்கலாம்

எங்கள் பெரியம்மாவின் கீழுதட்டில் பட்டாணி அளவில் ஒரு கறுப்புத் திட்டு இருக்கிறது. மூட்டுவலிக்காக மருந்துக்கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளும் மாத்திரைகளில் ஏதோ ஒன்று உள்ளே போனால் போதும், அதே இடம் அரித்து, சிவந்து, கொப்பளித்து, மறுபடி கறுத்துவிடும். மூன்றாவது தடவை வந்தபோது தோல் மருத்துவரிடம் அழைத்துப் போனோம். “என்ன மாத்திரை போட்டீங்கம்மா?” என்று கேட்டார். “வெள்ளையா, நீளமா இருந்துச்சு டாக்டர்.” எங்களிடம் இருந்த தகவல் அவ்வளவுதான்.

‘மருந்து ஒத்துக்கல’, ‘மாத்திரை சூடு’ என்று சொல்லிவிட்டு நாம் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். அந்தச் செய்தியைக் கேட்டு வாங்கிக்கொள்ளவே இந்திய அரசு ஒரு திட்டம் நடத்துகிறது. மருந்துகளின் பக்கவிளைவுகளைக் கண்காணிக்கும் இந்தத் திட்டம் 2010-ல் தொடங்கியது. 2011 முதல் காசியாபாத்தில் உள்ள இந்தியன் ஃபார்மகோபியா கமிஷன் என்ற, மருந்துகளின் தரத்தை வரையறுக்கும் அரசு அமைப்பு இதை நடத்துகிறது. டாக்டர்களும் நர்ஸுகளும் மருந்தாளுநர்களும் மட்டும்தான் இதற்கு எழுத முடியும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மருந்து சாப்பிட்டவரோ அவர் வீட்டாரோ நேரடியாகத் தெரிவிக்கலாம். அதற்கென்று தனிப் படிவமே உண்டு, தமிழிலும் இருக்கிறது.

பெரிய கம்பெனி, சோதித்துத்தானே விற்கிறார்கள், நாம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று தோன்றும். ஒரு மருந்தை விற்பனைக்கு விடும் முன் பெரும்பாலும் சில ஆயிரம் பேருக்குத்தான் கொடுத்துப் பார்க்கிறார்கள். அவர்களில் கர்ப்பிணிகள் அநேகமாக இருக்க மாட்டார்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு என்று மூன்று நான்கு நோய்களோடு ஏழெட்டு மாத்திரை விழுங்கும் எழுபது வயதுக்காரரும் அரிதுதான். பல்லாயிரத்தில் ஒருவருக்கு வரும் கோளாறு, மருந்து கடைக்கு வந்து லட்சக்கணக்கானோர் சாப்பிட்ட பிறகுதான் தெரியவரும். அந்த ஒருவர் வாய் திறக்காவிட்டால் அது யாருக்கும் தெரியாது.

மாதவிடாய் வலிக்கும் காய்ச்சலுக்கும் நம் வீடுகளில் சர்வசாதாரணமாகப் போடும் மருந்து மெஃபனமிக் அமிலம். 2023 நவம்பர் 30 அன்று அதைப் பற்றி இதே கமிஷன் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. அந்த மருந்தால் சிலருக்கு ட்ரெஸ் என்னும் கடுமையான ஒவ்வாமை வரலாம் என்றது. காய்ச்சல், உடம்பெல்லாம் தடிப்பு, நெரிகட்டுதல், உள்ளுறுப்புகள் பாதிக்கப்படுதல் எல்லாம் அதில் சேரும். மருந்து தொடங்கி இரண்டு முதல் எட்டு வாரம் கழித்துக்கூட வரும் என்பதால், மாத்திரைக்கும் இதற்கும் முடிச்சுப் போட வீட்டில் யாருக்கும் தோன்றாது. இந்தத் திட்டத்துக்கு வந்து சேர்ந்த பக்கவிளைவுத் தகவல்களை அலசித்தான் அந்த எச்சரிக்கையே வந்தது.

சரி, எப்படித் தெரிவிப்பது? எளிய வழி போன். 1800-180-3024 கட்டணமில்லா எண். வேலை நாட்களில் காலை 9 முதல் மாலை 5.30 வரை எடுப்பார்கள். ஏடிஆர் பிவிபிஐ என்ற செயலியும் இருக்கிறது. படிவத்தை நிரப்பி நேரில் கொடுக்க வேண்டுமென்றால், பல மருத்துவக் கல்லூரிகளில் இதற்கான கண்காணிப்பு மையங்கள் உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரி, வேலூர் சிஎம்சி, புதுச்சேரி ஜிப்மர் ஆகியவற்றில் இருக்கின்றன. பெரும்பாலும் மருந்தியல் துறையில் விசாரித்தால் வழி சொல்வார்கள். அங்கே மருந்துக்கும் பாதிப்புக்கும் எவ்வளவு தொடர்பு இருக்கலாம் என்று எடைபோட்டு காசியாபாத்துக்கு அனுப்புவார்கள். அங்கிருந்து அது ஸ்வீடனில் உப்சாலா நகரில் உள்ள, பக்கவிளைவுகளுக்கான உலகத் தரவுத்தொகுப்புக்கும் போகிறது.

படிவத்தைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை. நோயாளியின் பெயருக்கு முதலெழுத்துகள் போதும். வயது, எதற்காக மருந்து சாப்பிட்டார், மருந்தின் பெயர், அளவு, தொடங்கிய நாள், நிறுத்திய நாள், என்ன ஆனது, ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்ததா என்று கேட்பார்கள். அந்த மருந்தால்தான் வந்தது என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. சந்தேகம் இருந்தாலே போதும். அலோபதி மாத்திரையாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை, மூலிகை மருந்தானாலும் சொல்லலாம்.

மருந்தின் பெயரில்தான் பெரும்பாலோர் தடுக்கி நிற்கிறோம். கடையில் “நாலு மாத்திரை மட்டும் குடுங்க” என்கிறோம். கடைக்காரர் கத்தரிக்கோலால் அட்டையை வெட்டித் தருகிறார். பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் பெரும்பாலும் அட்டையின் ஒரு ஓரத்தில்தான் இருக்கும். வெட்டின துண்டில் அவை வருவதே இல்லை. சில சமயம் மருந்தின் பெயரே பாதியில் நிற்கும். அதனால் வெட்டி வாங்கினாலும் பில் கேட்டு வாங்குங்கள், அல்லது முழு அட்டையையும் வாங்கிக்கொண்டு ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். அதிகம் விற்கும் 300 பிராண்டுகளுக்கு 2023 ஆகஸ்ட் முதல் க்யூஆர் குறியீடு கட்டாயம். அதை ஸ்கேன் செய்தால் பேட்ச் எண் உட்பட எல்லாம் வரும்.

பிராண்டு பெயரோடு நிற்காமல், அதன் அருகே சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே வலி மருந்து பத்துப் பெயர்களில் விற்கிறது, வேறு மருந்தோடு கலந்தும் வருகிறது. ‘அந்த மாத்திரையை விட்டாச்சு’ என்று நினைத்துக்கொண்டு அதையே வேறு கம்பெனி அட்டையில் விழுங்குவது அடிக்கடி நடக்கிறது.

இது டாக்டர் மேல் புகார் இல்லை, நஷ்டஈடு கோரும் மனுவும் இல்லை. நஷ்டஈடு வேண்டுமென்றால் நுகர்வோர் ஆணையம். போலி மருந்து, காலாவதி மருந்து என்றால் மாநில மருந்து கட்டுப்பாட்டுத் துறை. மூச்சுத் திணறலோ முகம், நாக்கு வீக்கமோ வந்தால் முதலில் 108. படிவத்தை அப்புறம் பார்க்கலாம். இன்னொன்று: வலிப்பு, இதயம், ரத்த அழுத்த மருந்துகளைப் பக்கவிளைவுக்குப் பயந்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சிலவற்றை நிறுத்துவது அந்தப் பக்கவிளைவைவிட ஆபத்து. முதலில் டாக்டரிடம் கேளுங்கள்.

பெரியம்மா விஷயத்தில், அலமாரியில் விரித்திருந்த செய்தித்தாளுக்கு அடியில் ஒரு பழைய பில் கிடைத்தது. அதை வைத்து மருத்துவர் மருந்தின் பெயரை ஒரு சீட்டில் பெரிய எழுத்தில் எழுதித் தந்தார். அன்று மதியமே போன் செய்து தகவலைச் சொன்னோம். சென்ற மாதம் கண் ஆபரேஷனுக்குச் சேர்த்தபோது நர்ஸ், “ஏதாவது மருந்து ஒத்துக்காதாம்மா?” என்று கேட்டார். பெரியம்மா சுருக்குப்பையிலிருந்து சீட்டை எடுத்து நீட்டினார். நர்ஸ் அதைப் பார்த்து கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதினார்.