கறுப்புப் பட்டையை நீக்கினால் படமும் சேர்ந்து போகும்

கடந்த மாதம் பொள்ளாச்சி சாலையில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவரின் வீடு அது. வெளிநாட்டில் இருக்கும் மகன் விடுமுறைக்கு வந்தபோது 65 அங்குல டிவியும் ஐந்து ஸ்பீக்கர் கொண்ட ஹோம் தியேட்டரும் வாங்கி வைத்துவிட்டுப் போயிருந்தார். ஒலி சரியாக வரவில்லை என்றுதான் என்னை அழைத்திருந்தார்கள். நான் வயர்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, ஆசிரியர் முந்தைய வாரம் பார்த்த ஒரு படத்தைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டார். "கேமராமேன் என்னத்தப் படிச்சாருன்னே தெரியலீங்க தம்பி. ரெண்டு பேரு உக்காந்து பேசறாங்க, ரெண்டு பேருக்கும் பாதி மூஞ்சிதான் இருக்குது."

அந்தக் காட்சியைப் போடச் சொல்லிப் பார்த்தேன். டிவி ஜூமில் இருந்தது. மேலும் கீழும் கறுப்புப் பட்டை வருகிறதே என்று வீட்டார் கேட்டதற்கு, டிவியை மாட்ட வந்த பையன் அப்படி மாற்றிவைத்துவிட்டுப் போயிருக்கிறான். நான் பழைய நிலைக்குக் கொண்டுவந்ததும் இருவரின் முகமும் முழுதாகத் தெரிந்தன. அதைவிட முக்கியமாக, இடது ஓரத்தில், கதவருகே நின்று அவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு பெண் தெரிந்தாள். அவள் கேட்டுவிட்டாள் என்பதுதான் படத்தின் பிற்பாதி முழுவதற்கும் காரணம். ஆசிரியர் அவளை அங்கே அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தார். திரைக்கதையில் ஓட்டை இருக்கிறது என்று அவர் தம் நண்பர்களிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டிருந்தார்.

அந்த வாரத்தில் இப்படி நான் பார்த்த மூன்றாவது வீடு அது. கோவையிலும் சுற்றுவட்டாரத்திலும் 14 ஆண்டுகளாக ஹோம் தியேட்டர் அமைத்துத் தருவதும், டிவி, புரொஜெக்டர் ஆகியவற்றின் நிறத்தையும் ஒளியையும் அளவுக் கருவி வைத்துச் சரிசெய்வதும் என் தொழில். விலை உயர்ந்த பெட்டியை வாங்கியவர்களே இந்தத் தவற்றை அதிகமாகச் செய்கிறார்கள் என்பது எனக்குத் தீராத வருத்தம்.

"காசு குடுத்து வாங்குன டிவி முழுசாத் தெரியோணுமுங்களா, வேண்டாமுங்களா?" என்று என்னிடம் கேட்காத வீடு இல்லை. கேள்வி நியாயமாகத்தான் ஒலிக்கிறது. ஆனால் திரை முழுதாகத் தெரிவதும் படம் முழுதாகத் தெரிவதும் வெவ்வேறு காரியங்கள். இன்றைய டிவி எல்லாமே அகலம் 16, உயரம் 9 என்ற கணக்கில் செய்யப்படுபவை. அதாவது உயரத்தைப் போல் 1.78 மடங்கு அகலம். சினிமாஸ்கோப் படமோ உயரத்தைப் போல் 2.39 மடங்கு அகலம் கொண்டது. நீள்சதுரப் பெட்டிக்குள் அதைவிட நீளமான ஒரு புகைப்படத்தை வைத்தால் மேலும் கீழும் இடம் மிஞ்சும் அல்லவா, அந்த மிச்ச இடம்தான் கறுப்புப் பட்டை. அங்கே படம் எதுவும் மறைக்கப்படவில்லை. பட்டைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் காட்சி என்று ஒன்று கிடையாது.

65 அங்குலப் பெட்டியின் திரை ஏறத்தாழ 144 சென்டிமீட்டர் அகலமும் 81 சென்டிமீட்டர் உயரமும் உடையது. சினிமாஸ்கோப் படம் அந்த 144 சென்டிமீட்டர் அகலத்தை முழுதாக எடுத்துக்கொண்டால் அதன் உயரம் 60 சென்டிமீட்டர்தான் வரும். மேலே 10, கீழே 10 சென்டிமீட்டர் மிஞ்சும். அந்த மிச்சத்தை நிரப்ப வேண்டுமென்று ஜூம் பொத்தானை அழுத்தினால், டிவி படத்தை உயரம் நிரம்பும்வரை பெரிதாக்கும். அகலமும் அதற்கேற்ப வளர்ந்து, இடப்பக்கம் எட்டில் ஒரு பங்கும் வலப்பக்கம் எட்டில் ஒரு பங்கும் திரைக்கு வெளியே போய்விடும். மொத்தத்தில் ஒளிப்பதிவாளர் எடுத்த படத்தில் கால் பகுதியை நீங்களே வெட்டி எறிகிறீர்கள். 4கே பெட்டி வாங்கினேன் என்று சொல்பவர்கள் இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். குறுக்குவாட்டில் 3840 புள்ளிகளாக வரும் படத்தில் ஏறத்தாழ 2860 புள்ளிகளை மட்டும் வைத்துக்கொண்டு, அதையே இழுத்து 3840 புள்ளிகளில் பரப்புவதுதான் ஜூம். திரை நிரம்புகிறது, தெளிவு குறைகிறது.

இந்த மனக்குறை எங்கிருந்து வருகிறது என்பது எனக்குப் புரியாமல் இல்லை. திரையரங்கில் பழகிய கண்கள் நம்முடையவை. 1953இல் ஹாலிவுட்டில் டுவென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் நிறுவனம் சினிமாஸ்கோப்பைக் கொண்டுவந்ததே, வீட்டில் டிவி பார்க்க உட்கார்ந்துவிட்ட மக்களை அகலத்திரை காட்டித் திரையரங்குக்குத் திரும்ப இழுப்பதற்காகத்தான். தமிழுக்கு அது 1973இல் 'ராஜராஜ சோழன்' படத்தோடு வந்தது. சினிமாஸ்கோப் படம் தொடங்கும்போது திரையின் இரு பக்கத்துக் கறுப்புத் துணிகளும் விலகித் திரை அகன்றதைப் பழைய அரங்குகளில் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அங்கே உயரம் மாறாமல் அகலம் கூடியது. அதனால் சினிமாஸ்கோப் என்றால் பெரிய படம் என்று மனத்தில் பதிந்தது. வீட்டு டிவியிலோ அகலம் மாறாமல் உயரம் குறைகிறது. அரங்கில் எந்தப் படம் பெரிதாகத் தெரிந்ததோ அதே படம் வீட்டில் ஒடுங்கித் தெரிவதால், நம்மை ஏமாற்றுகிறார்கள் என்று தோன்றுகிறது.

16:9 என்பது திரைப்படத்துக்காகப் பிறந்த வடிவம் அன்று. 1980களில் அமெரிக்கப் பொறியாளர் கெர்ன்ஸ் பவர்ஸ், பழைய டிவியின் 1.33 விகிதம் முதல் சினிமாஸ்கோப்பின் பழைய கணக்கான 2.35 விகிதம் வரை எல்லா வடிவங்களையும் ஓரளவு நியாயமாக உள்ளடக்கும் ஒரு சட்டத்தைத் தேடிக் கண்டுபிடித்த சமரசம் அது. எல்லாப் படமும் அதில் கொள்ள வேண்டும், எதற்கும் அதிக இடம் வீணாகக் கூடாது என்பதே நோக்கம். பட்டை வரும் என்று தெரிந்தே அமைத்த வடிவம் இது.

பழைய கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு நேரும் கதி இன்னும் மோசம். அவை 1.37 விகிதத்தில் எடுக்கப்பட்டவை; ஆகவே பட்டை இரு பக்கமும் வரும். அதைப் பொறுக்காமல் படத்தைப் பக்கவாட்டில் இழுத்து நிரப்பினால் திரையில் உள்ள அத்தனை பேரும் 30 விழுக்காடு அகன்றுவிடுகிறார்கள். நாட்டியம் ஆடும் பத்மினியை அப்படிப் பார்க்க எப்படித்தான் மனம் வருகிறதோ எனக்கு விளங்கவில்லை. சில அலைவரிசைகளும் இதையே செய்து ஒளிபரப்புகின்றன. அதை வீட்டில் சரிசெய்வது கடினம்.

பட்டை கண்ணை உறுத்துகிறது என்றால் அதற்கும் மருந்து உண்டு. சாதாரண எல்இடி பெட்டிகளில் திரைக்குள் இருக்கும் பின்விளக்கு (பேக்லைட்) கசிவதால் பட்டை சாம்பல் நிறமாகத் தெரியும்; அறை முழு இருட்டாக இருந்தால் இன்னும் எடுப்பாகத் தெரியும். டிவிக்குப் பின்னால் சுவரில் படுமாறு மங்கலான வெள்ளை விளக்கு ஒன்றைப் பொருத்துங்கள். மஞ்சளோ நீலமோ வேண்டாம், 6500 கெல்வின் என்று போட்டிருக்கும் விளக்காக வாங்குங்கள். டிவியின் அமைப்பில் பேக்லைட் அளவையும் சற்றுக் குறையுங்கள். பத்து நிமிடத்தில் பட்டை இருப்பதே மறந்துவிடும். ஓஎல்இடி பெட்டியில் இந்தத் தொல்லையே இல்லை, ஏனெனில் கறுப்பாக வேண்டிய புள்ளி அங்கே அணைந்தே போகிறது. புரொஜெக்டர் வைக்க எண்ணுபவர்கள், சினிமாஸ்கோப் படங்களே அதிகம் பார்ப்பவர்களாயின், திரையையே 2.39 விகிதத்தில் போட்டுக்கொள்ளலாம்; திரையரங்கு போலவே உயரம் மாறாமல் அகலம் கூடும். வசதி உள்ள வாடிக்கையாளர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

அடுத்தது, "சினிமா மாதிரியே இல்லை, சீரியல் மாதிரி இருக்கிறது" என்ற விமர்சனம். கோடிக்கணக்கில் செலவழித்து எடுத்த படத்தைப் பற்றி இப்படி ஒருவர் சொன்னால் நான் முதலில் கேட்பது ரிமோட்டை. திரைப்படம் நொடிக்கு 24 ஃப்ரேம்களாக எடுக்கப்படுகிறது. டிவி தானாகவே இடையிடையே இல்லாத ஃப்ரேம்களை உண்டாக்கிச் செருகி, அசைவை வழுவழுப்பாக்கிவிடுகிறது. சோனியில் மோஷன்ஃப்ளோ, எல்ஜியில் ட்ரூமோஷன், சாம்சங்கில் ஆட்டோ மோஷன் பிளஸ் அல்லது பிக்சர் கிளாரிட்டி என்று நிறுவனத்துக்கு ஒரு பெயர். கிரிக்கெட் பார்க்கும்போது இருக்கட்டும், படம் பார்க்கும்போது அணையுங்கள். நடிகர் டாம் குரூஸே 2018 டிசம்பரில் இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரியோடு சேர்ந்து, இதை அணைத்துவிட்டுப் படம் பாருங்கள் என்று காணொளி வெளியிட்டுக் கேட்டுக்கொண்டார். மறு ஆண்டே ஃபிலிம்மேக்கர் மோட் என்ற ஒரே பொத்தான் ஏற்பாடும் அறிவிக்கப்பட்டது. உங்கள் பெட்டியில் அது இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள்; இல்லையென்றால் சினிமா அல்லது மூவி மோட். விவிட் மோட் கடை வெளிச்சத்தில் பக்கத்துப் பெட்டியை வெல்வதற்காக வைக்கப்பட்டது, அதை வீட்டில் வைத்துக்கொண்டு "கலரெல்லாம் செயற்கையாக இருக்கிறது" என்று படத்தைக் குறை சொல்லாதீர்கள். மாற்றியதும் முதல் இரண்டு நாள் படம் மஞ்சளடித்தது போலத் தோன்றும். கண் நீலத்துக்குப் பழகியிருப்பதால் அப்படி. பொறுத்துக்கொள்ளுங்கள், மூன்றாம் நாள் பழைய நிறத்துக்குத் திரும்ப உங்களால் முடியாது.

இருட்டுக் காட்சிகளில் புகையும் நிழலும் கட்டம் கட்டமாக உடைகின்றனவே, ஒளிப்பதிவு சரியில்லையா என்று கேட்கிறார்கள். அநேகமாக அது இணையத்தின் வேலை. 4கே புளூரே தட்டில் தரவு நொடிக்கு 128 மெகாபிட் வரை போகலாம். அதே படம் ஓடிடியில் வரும்போது ஏறத்தாழ 15 முதல் 25 மெகாபிட்டுக்குள் சுருக்கப்பட்டு வருகிறது. வீட்டு இணைப்பு தடுமாறினால் இன்னும் இறங்கும். இரண்டின் மீதும் 4கே என்றுதான் எழுதியிருக்கும். சுருக்கும்போது முதலில் அடிவாங்குவது இருட்டும் புகையும் மழையும். அகலப்பட்டை (பிராட்பேண்ட்) இணைப்பு வைத்திருப்பவர்கள் டிவிக்கு வைஃபையை நம்பாமல் நேராகக் கேபிள் இழுங்கள். பளபளக்கும் எச்டிஎம்ஐ கேபிளுக்கு ஐயாயிரம் ரூபாய் கொடுப்பதால் படம் மெருகேறாது. தேவையான வேகத்துக்குச் சான்று பெற்ற கேபிளாக இருந்தால் போதும்.

"வசனமே கேட்கவில்லை, ஒலிக்கலவை மோசம்." இதற்கும் ஒரு சொல். வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில்தான் வருகிறது. அதை டிவி மேசையின் கண்ணாடிக் கதவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, அதன்முன் குடும்பப் புகைப்படங்களையும் அடுக்கிவிட்டு இயக்குநரைத் திட்டுவது முறையன்று. வெளியே எடுங்கள், முன்விளிம்போடு ஒட்டி வையுங்கள், காது உயரத்தை நோக்கிச் சற்று நிமிர்த்துங்கள். ஹோம் தியேட்டரே இல்லாமல் டிவியின் சொந்த ஸ்பீக்கரில் கேட்பவர்கள் ஓடிடியின் ஒலித்தேர்வில், பல ஸ்பீக்கர்களுக்கான 5.1 என்பதை விட்டுவிட்டு ஸ்டீரியோவைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். பொள்ளாச்சி சாலை வீட்டில் ஒலிக்குறைக்குக் காரணம் அந்தக் கண்ணாடிக் கதவுதான்.

கண்புரை உள்ள பெரியவர்கள் வீட்டில் முகம் பெரிதாகத் தெரியட்டும் என்று ஜூம் வைத்துக்கொள்வதை நான் தடுப்பதில்லை. அவர்களுக்கு அது உதவி. மற்றவர்கள் தயவுசெய்து இன்றே ஒருமுறை சோதித்துவிடுங்கள். ஏதாவது ஒரு படத்தின் இறுதியில் ஓடும் பெயர்ப் பட்டியலைப் பாருங்கள். இரு ஓரத்துப் பெயர்களிலும் எழுத்துகள் அறுபட்டிருந்தால் உங்கள் டிவி படத்தை வெட்டுகிறது. நிலவோ வண்டிச் சக்கரமோ நேராகத் தெரியும் காட்சியைப் பாருங்கள். முட்டை வடிவில் இருந்தால் இழுக்கிறது. வசன எழுத்துகள் திரையின் கீழே பாதி மறைந்தால் அதுவும் ஜூமின் அடையாளம். படவிகிதத்தை 16:9 அல்லது ஒரிஜினல் என்று வைத்து, எல்ஜியில் ஜஸ்ட் ஸ்கேன், சாம்சங்கில் ஃபிட் டு ஸ்கிரீன் என்பதையும் இயக்கிவிடுங்கள்; பழைய குழாய் டிவி காலத்து வழக்கப்படி ஓரங்களை மூன்று, நான்கு விழுக்காடு நறுக்குவது அதனால் நிற்கும். கைப்பேசியில் பார்க்கும் பிள்ளைகளிடமும் இரண்டு விரலால் விரித்துத் திரையை நிரப்ப வேண்டாம் என்று சொல்லுங்கள். கைப்பேசித் திரை பெரும்பாலும் இன்னும் நீளமானது என்பதால், அங்கே 16:9 படங்களில் தலையும் காலும் போகின்றன.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். இந்த அமைப்புகளைப் பல டிவிகள் ஒவ்வொரு எச்டிஎம்ஐ துளைக்கும் தனித்தனியாக நினைவில் வைக்கின்றன. ஒளி இருள் வேறுபாட்டைக் கூடுதலாகக் காட்டும் எச்டிஆர் படங்களுக்கு வேறாகவும் வைக்கின்றன. செட்டாப் பெட்டியில் சரிசெய்துவிட்டோம் என்று விட்டுவிட்டால் புளூரேயிலும் ஓடிடி செயலியிலும் பழைய கோலமே நீடிக்கும். ஒவ்வொன்றாகத் திறந்து, படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றுங்கள்.