நேற்று ஓடிய நிரல் இன்று ஏன் ஓடவில்லை?

ஒரு வரிகூட மாற்றப்படாத நிரல் மறுநாள் பில்ட் ஆக, அதாவது இயங்கும் வடிவத்துக்கு வர, மறுக்கும்போது, பிழைச்செய்தியில் வரும் லைப்ரரியின் (பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல்தொகுப்பின்) பெயரை நிரலர் பெரும்பாலும் அப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறார். அவர் கேட்டுச் சேர்த்தவை பத்து லைப்ரரிகளே என்றாலும், அவற்றுக்குத் தேவையானவை, அந்தத் தேவைகளுக்கும் தேவையானவை என்று வந்து இறங்குபவை பல நூறைத் தொட்டுவிடுவதுண்டு.

சிக்கல் பெரும்பாலும் பதிப்பு எண்ணில் தொடங்குகிறது. 2.4.1 என்பதில் கடைசி எண் பிழைத்திருத்தத்தையும், நடு எண் பழையதைக் கெடுக்காத புதிய வசதியையும், முதல் எண் பழைய நிரல்களை முறிக்கக்கூடிய மாற்றத்தையும் குறிக்க வேண்டும் என்பது மரபு. இதை நம்பித்தான், ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரிகளைத் தரவிறக்கி நிறுவும் என்பிஎம் கருவி ^2.4.1 என்ற குறிப்பை, ‘2.4.1 முதல் 3.0.0-க்கு முன்புவரை எது புதியதோ அது’ என்று பொருள்கொள்கிறது. நேற்று 2.4.1 வந்த இடத்தில் இன்று 2.5.0 வந்து நிற்பது அதனால்தான். அந்தப் புதிய பதிப்பு எதையும் முறிக்காது என்று கருவி சோதித்துச் சொல்வதில்லை. எழுதியவர் அப்படி நினைக்கிறார், அவ்வளவே. பழைய பிழையொன்றை நம்பியே இயங்கிவந்த நிரலுக்கு, அந்தப் பிழை திருத்தப்படுவதே முறிவாகிவிடும்.

இதைவிடக் கடினமான முடிச்சு ஒன்று உண்டு. வரைபடம் வரையும் லைப்ரரியும் அறிக்கை தயாரிக்கும் லைப்ரரியும் தேதிகளைக் கையாளும் மூன்றாவது லைப்ரரி ஒன்றைச் சார்ந்திருக்கின்றன. ஆனால் முன்னது அதன் 1-ஆம் பதிப்பையும் பின்னது 2-ஆம் பதிப்பையும் கேட்கின்றன. என்பிஎம் இரண்டையும் தனித்தனிக் கோப்புறைகளில் வைத்துச் சமாளிக்கும், வட்டு நிரம்புவதைப் பற்றிக் கவலைப்படாமல். பைத்தான் சூழல் ஒன்றில் ஒரு பதிப்புக்கே இடம் என்பதால், எல்லோருக்கும் பொருந்தும் பதிப்புகளின் சேர்க்கையை, அம்மொழியின் லைப்ரரிகளை நிறுவும் பிப் கருவி தேடியாக வேண்டும். 2020-இல் வெளியான 20.3 முதல் அது ஒரு பதிப்பைத் தேர்ந்து, முரண்பட்டால் பின்வாங்கி, அடுத்ததை முயல்கிறது. பொதுவாக இத்தேடல், எப்போதும் விரைவாகத் தீர்க்கும் வழி எதுவும் அறியப்படாத என்பி-முழுமை என்ற கடினவகையைச் சேர்ந்தது. ஒரே லைப்ரரியின் பழைய பதிப்புகளைக் கருவி வரிசையாகத் தரவிறக்கிக்கொண்டே இருப்பது பழுதன்று. அவற்றின் தேவைகளைப் படித்துப் பார்க்கத்தான். கோ என்ற நிரல்மொழியினர் இந்தத் தேடலையே தவிர்த்துவிட்டார்கள்: ஒவ்வொருவரும் குறைந்தபட்சப் பதிப்பை மட்டும் சொல்ல, அவற்றுள் உயர்ந்தது எடுத்துக்கொள்ளப்படுகிறது. என் பார்வையில் இதுவே நேர்மையான வழி.

துல்லியமான பதிப்புகளையும் அவற்றின் ஹாஷ் மதிப்புகளையும் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் அடையாளங்களையும்) பதிந்துவைக்கும் லாக் கோப்பு, நேற்றைய சேர்க்கையை இன்றும் அப்படியே தரும், மூலப்பொதி இருக்கும்வரை. 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற 11 வரி நிரலை அதன் ஆசிரியர் என்பிஎம்-இலிருந்து நீக்கியதும், அதை மறைமுகமாகச் சார்ந்திருந்த பேபல் என்ற ஜாவாஸ்கிரிப்ட் கருவி உட்படப் பல திட்டங்களின் பில்ட் முறிந்தது. பதிப்பை உறையவைப்பதற்கு வேறொரு விலையும் உண்டு: பாதுகாப்புத் திருத்தங்கள் தாமாக வந்து சேரா. 2021 டிசம்பரில், நிகழ்வுகளைப் பதிவுசெய்யும் ஜாவா லைப்ரரியான லாக்4ஜே-இல் பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டபோது, அந்த லைப்ரரி தம் மென்பொருளுக்குள் இருக்கிறதா என்பதையே பல குழுக்கள் தேட வேண்டியிருந்தது, 2.15.0-இல் வந்த திருத்தம் போதாமல் 2.16.0, 2.17.0 என்று தொடர்ந்ததால், தேடியவர்கள் அதே எண்ணை மீண்டும் மீண்டும் மாற்றி பில்ட் செய்தார்கள்.